அப்ஸ்ட்ராக்ட்டோடு நிறுத்தாதீர்கள்: மருத்துவ இதழ் வாசிப்பு குறித்துக் கேள்வி-பதில்

‘என்இஜேஎம் (நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழ்) படி’ என்று சீனியர்கள் சொல்கிறார்கள். திறந்தால் ஒன்றும் புரியவில்லை. என் மேல் தப்பா?
(முதலாமாண்டு மாணவி, கோவை)

தப்பே இல்லை, அம்மணி. அனாடமியும் பிசியாலஜியும் முடியாமல் அதைத் திறந்தால் யாருக்கும் புரியாது. இப்போதைக்குப் பாடப்புத்தகம் போதும். வார்டுக்குப் போக ஆரம்பித்ததும் என்இஜேஎம்மில் வரும் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் ‘கேஸ் ரெக்கார்ட்ஸ்’ பகுதியிலிருந்து வாரம் ஒன்று எடு. நோயாளியின் கதையும் பரிசோதனையும் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, உன் டயக்னோசிஸை நோட்டில் எழுதி வை. அப்புறம் மீதியைப் படி. எழுதி வைக்காமல் படித்தால் எல்லாம் முன்பே தெரிந்த மாதிரித்தான் தோன்றும்.

நல்ல ஜர்னல் பெயர்கள் அனுப்பவும். அவசரம்.
(ஈரோடு)

எந்தத் துறை, எந்த வருடம், தேர்வுக்கா தீசிஸுக்கா என்று எதுவுமே எழுதவில்லை. இப்படி வரும் கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

சந்தா கட்ட வசதி இல்லை. காசில்லாமல் எதைப் படிக்கலாம்?
(ஹவுஸ் சர்ஜன், திருப்பூர்)

நிறையவே இருக்கிறது. பப்மெட் சென்ட்ரல் என்ற இணைய நூலகத்தில் முழுக் கட்டுரைகள் இலவசம். 1913-இல் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா, குழந்தை மருத்துவத்துக்கு இந்தியன் பீடியாட்ரிக்ஸ் ஆகியவற்றையும் காசில்லாமல் படிக்கலாம். நீங்கள் இருப்பது அரசுக் கல்லூரி என்றால் இன்னொன்று. அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. சுமார் 13,000 இதழ்கள், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். நாளைக்கே லைப்ரரிக்குப் போய் லாகின் கேளுங்கள். நம் வரிப்பணத்தில் வாங்கியது, திறக்கப்படாமல் கிடக்கக் கூடாது.

எங்கள் பிஜிக்கள் (மேற்படிப்பு மாணவர்கள்), கட்டுரை ஒன்றை எடுத்துப் பேசும் ஜர்னல் கிளப்பில் ஸ்லைடை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படி மாற்றுவது?
(உதவிப் பேராசிரியர், சேலம்)

பிஜிக்களைச் சொல்லும் முன் உங்களை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டுரையை நீங்கள் முழுதாகப் படித்துவிட்டு வந்தீர்களா?

ஒரு கல்லூரியின் ஜர்னல் கிளப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். 2023-இல் என்இஜேஎம்மில் வந்த ஸ்க்ரப் டைபஸ் ஆய்வை எடுத்திருந்தார்கள். நம் பக்கம் மழைக்குப் பின் காய்ச்சலோடு வருகிறவர்களில் தவறவிடக் கூடாத நோய், நல்ல தேர்வுதான். கடைசி ஸ்லைடில் பெரிய எழுத்தில், ‘இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் உயிரிழப்பு குறையும்’ என்று போட்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் தலையாட்டினார்கள்.

அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. நோய் கடுமையாகிவிட்ட சுமார் 800 இந்திய நோயாளிகள். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், இரண்டும் சேர்த்து என மூன்று குழு. 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் கணக்கில் சேரும். அந்தக் கூட்டுக் கணக்கு, சேர்த்துக் கொடுத்த குழுவில் 33 சதவீதம், தனித்தனியாகக் கொடுத்தவற்றில் 47, 48. பெரிய பலன்தான். ஆனால் இறப்பை மட்டும் எடுத்தால் மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே. சிக்கல் சீக்கிரம் தீர்ந்ததில்தான் முக்கிய வித்தியாசம். இறப்பு பற்றிய வரி, கட்டுரையின் தொடக்கச் சுருக்கமான அப்ஸ்ட்ராக்ட்டிலேயே இருக்கிறது! அதைக்கூடத் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடியிருக்கிறார்கள். இன்னும் ஒன்று: மருந்து ஊசி வழியாகக் கொடுக்கப்பட்டது. நம் வார்டில் மாத்திரையாகக் கொடுத்தால் இதே பலன் வருமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஆகவே, ஒரு வாரம் முன்பே பிரதி கொடுங்கள். அப்ஸ்ட்ராக்ட்டையும் முடிவுரையையும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். ஆய்வு நடந்த விதத்தைச் சொல்லும் மெத்தட்ஸைப் படித்துவிட்டு முடிவை அவர்களே எழுதட்டும். நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டும் டேபிள் 1-ஐக் கரும்பலகையில் எழுதி, இந்த நோயாளிகள் நம் வார்டில் படுத்திருப்பவர்கள் மாதிரி இருக்கிறார்களா என்று பேசுங்கள். பவர்பாயிண்ட்டே வேண்டாம். நீங்களும் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய கட்டுரைகளைப் படித்து என்ன பயன்?
(மூன்றாமாண்டு மாணவர், பெருந்துறை)

பெருந்துறையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் ஊரில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் இருந்தது தெரியும்தானே? அப்படிப்பட்ட இடத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் தேடியது சென்னையில் நடந்த ஆய்வு. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறினார்கள். கூடவே 1948-இல் பிஎம்ஜேயில் (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்) வந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். 107 நோயாளிகள்தான். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானிக்கும் ரேண்டமைசேஷன் எதற்கு என்பது அதைப் படித்தால் புரியும். மறுபடியும் சொல்கிறேன், மெத்தட்ஸ் பகுதியைத் தாண்டாதீர்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு இருந்தால் நம்பலாம்?
(கரூர்)

ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதன் சராசரி அது. உங்கள் கையில் இருக்கும் கட்டுரைக்குத் தரும் சான்று அல்ல. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-இல் வந்தது லான்செட் என்ற பெரிய இதழில்தான். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதைத் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது.

மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும் என்று ஒரு ‘சர்வதேச’ இதழிலிருந்து மெயில் வந்தது. பதவி உயர்வுக்கு அனுப்பலாமா?
(உதவிப் பேராசிரியர், நாமக்கல்)

கூடாது. மூன்று நாளில் யாரும் உங்கள் கட்டுரையைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுத்த மருத்துவ இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் அந்த இதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.