அரக்குப் புடவை ஏன் செங்கல் கலரில் வருகிறது?

கேள்வி: வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறேன். ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபிறகு, கூடத்தில் இருக்கிற டியூப்லைட், மஞ்சள் பல்பு அத்தனையையும் போட்டுத்தான் படம் எடுக்கிறேன். அப்படியும் அரக்கு கலர் செங்கல் மாதிரி வருகிறது, ஜரிகை வெளுத்துப்போகிறது. "படத்தில் பார்த்த கலர் இல்லையே" என்று இரண்டு புடவை திரும்பி வந்துவிட்டது. நல்ல கேமரா உள்ள போன் வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், அந்தக் காசை சரக்கில் போடுங்கள். அத்தனை விளக்கையும் போடுகிறீர்களே, அதுதான் கோளாறே. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். மஞ்சள் பல்பு 2700 கெல்வின், 'கூல் டேலைட்' என்று கடையில் கொடுக்கும் டியூப் 6500. நம் கண் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடும், ஆனால் போன் படம் முழுவதற்கும் எது வெள்ளை என்று பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் போடும், அதனால் முந்தானை மஞ்சளடித்தால் உடல் நீலம் பாய்ந்து நிற்கும். அப்புறம், சாதாரண எல்இடி விளக்குகளில் சிவப்பு கொஞ்சம் சோடைதான். அரக்கு மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பகலில் எடுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னல் ஒன்று போதும், எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் புடவைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்; வெளிச்சம் சாய்ந்து வந்தால்தான் புட்டா எழும்பித் தெரியும். எதிர்ப்பக்கம் இருட்டடித்தால் டிவி அட்டைப்பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை நிறுத்தி வையுங்கள். சுவரையும் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூடம் கிளிப்பச்சை, அங்கே வைத்து எடுத்த சந்தன கலர் புடவை நோயாளி மாதிரி இருந்தது!

ஜரிகைக்கு ஃபிளாஷ் ஆகவே ஆகாது. லென்ஸை ஒட்டி இருக்கிற சின்னப் புள்ளி அது, பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெறிக்கும். ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, திரையில் ஜரிகை மேல் தொட்டு வெளிச்சத்தை ஒரு சுற்று இறக்கிப் பாருங்கள், தங்கம் திரும்பி வரும்.

ராத்திரிதான் முடியும் என்றால் ஒரே வகை விளக்கு, பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற மதிப்பெண்) 90க்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கிட்ட வையுங்கள், சின்ன பல்பை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். படத்தில் கோடு கோடாக ஓடினால் அது மின்சாரத்தின் துடிப்பு, கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்றும் ப்ரோ மோடில் ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள்.

கேள்வி: வீடியோவுக்கு ரிங் லைட் வாங்கினேன். மூக்குக்கண்ணாடியில் இரண்டு வளையம் தெரிகிறதே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முகத்துக்கு நேரே வைத்தால் தெரியாமல் என்ன செய்யும்? தலைக்கு மேலே உயர்த்தி, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, கீழ்நோக்கிச் சாயுங்கள். அப்படியும் போகவில்லையா, கண்ணாடியின் காதுப்பக்கக் கம்பியை ஒரு நூல் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், வளையம் மறைந்து போய்விடும்.