பில்லர் பாக்ஸ் கதவை எவனோ திருடிட்டான்னு சொன்னா விட்ருவாங்களா? ஒரு அம்மாவோட கேள்வி

கேள்வி: வக்கீல் சார், ஊர் பேர் போட வேணாம். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார், பையனுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறான். போன மாசம் நல்ல மழை பெஞ்ச அன்னிக்கு டியூஷன் முடிச்சு வரும்போது தெருமுனையில தண்ணி தேங்கி நின்னதால பிளாட்பாரத்துல ஏறி ஓரமா நடந்திருக்கான், அங்க கதவே இல்லாத ஒரு பில்லர் பாக்ஸ் (தெருவுல கரண்ட் பிரிச்சுக் குடுக்கற இரும்புப் பெட்டி), கால் வழுக்கி அதுல கை வச்சுட்டான். டீக்கடை அண்ணன் மரக்கட்டையால தட்டி விட்டதால உயிர் பிழைச்சான், ஆனா வலது கையில 2 விரலை எடுத்துட்டாங்க. மறுநாள் காலையிலேயே மின்வாரிய ஆளுங்க புதுக் கதவு மாட்டிட்டாங்க. கேட்டா "இரும்புக்காக எவனோ கழட்டிட்டுப் போயிட்டான், நாங்க என்னம்மா பண்றது"ங்கறாங்க. ஸ்டேஷன்ல "உயிரோட தானே இருக்கான், வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. இப்ப 25,000 ரூபா வாங்கித் தர்றோம், ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்கன்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்து நிக்கிறார். பக்கத்து தெருவுல இன்னும் 2 பாக்ஸ் திறந்தே கிடக்கு. எங்களால கேஸ் போட முடியுமா சார்?

பதில்: அம்மா, முதல்ல அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. பணம் வேணாம்னு நான் சொல்லல, மருத்துவச் செலவுக்கு உடனடி உதவியா எது குடுத்தாலும் வாங்கிக்கலாம், அதனால உங்க உரிமை போயிடாது, ஆனா அந்தப் பேப்பர்ல "முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டோம், இனி எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம்"னு ஒரு வரி இருந்துச்சுன்னா நாளைக்கு அதைத்தான் கோர்ட்ல முதல்ல நீட்டுவாங்க. வெத்துப் பேப்பர்னா வீட்டுக்காரரும் தொடக்கூடாது. வர்ற ஆள்கிட்ட "எங்க வக்கீலைக் கேட்டுட்டு சொல்றோம்"னு மட்டும் சொல்லுங்க.

கேஸ் போடலாமான்னா, தாராளமா போடலாம். உங்க மாதிரி வர்றவங்க எல்லாரும் பயப்படுறது ஒரு விஷயத்துக்குத்தான், யார் அலட்சியமா இருந்தாங்கன்னு நாங்க எப்படி சார் நிரூபிக்கிறதுன்னு. கரண்ட் விஷயத்துல அந்தச் சுமை உங்க தலையில இல்லம்மா. மின்சாரம் மாதிரி உயிரைக் குடிக்கிற பொருளை ஊருக்குள்ள கொண்டு வந்து விநியோகம் பண்றவங்க, அது வெளியில வந்து ஒருத்தருக்கு தீங்கு பண்ணிடுச்சுன்னா, நாங்க கவனமாத்தான் இருந்தோம்னு சொல்லி தப்பிக்க முடியாது. இதைக் கடும் பொறுப்புன்னு சொல்லுவோம், 1868-ல இங்கிலாந்துல ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்குல வந்த கொள்கை, நம்ம கோர்ட்டுங்க அதை கரண்ட் கேஸ்ல அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 2000-ல பார்வதி தேவி வழக்குல சுப்ரீம் கோர்ட், ரோட்டுல நடந்து போற ஒருத்தர் மின்சாரம் தாக்கித்தான் இறந்தார்னு உறுதியாயிடுச்சுன்னா சம்பந்தப்பட்ட அமைப்பு அலட்சியமா இருந்ததுன்னே எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு.

"கதவை எவனோ திருடிட்டான்"ங்கறதுக்கு நேரா பதில் சொல்ற ஒரு தீர்ப்பே இருக்கு, மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி, 2002 ஜனவரி. ராத்திரி வேலை முடிஞ்சு ஒருத்தர் சைக்கிள்ல வீட்டுக்குப் போறார், ரோடு முழுக்க மழைத்தண்ணி, அதுக்குள்ள அறுந்து விழுந்த லைவ் ஒயர் கிடந்தது தெரியல, அந்த இடத்துலயே இறந்துட்டார். வாரியம் என்ன சொல்லுச்சு தெரியுமா, எங்க தப்பு இல்ல, எவனோ கொக்கி போட்டு கரண்ட் திருடினான், அதனாலதான் ஒயர் அவிழ்ந்து விழுந்துச்சுன்னு. சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. திருட்டு நடக்காம பாத்துக்க வேண்டியதும் உங்க கடமைதான், ஒயர் அறுந்தா அதுல கரண்ட் ஓடாம நிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கணும்னு சொல்லி இழப்பீட்டை உறுதி பண்ணிடுச்சு. உங்க கேஸ்ல கொக்கிக்குப் பதிலா கதவு, அவ்வளவுதான் வித்தியாசம். இரும்புக் கதவை கழட்டுவாங்கன்னு அவங்களுக்கு தெரியும்ல, தெரிஞ்சா பூட்டணும், ரவுண்ட்ஸ் போற ஆள் பாத்து சொல்லணும், மறுநாள் காலையிலேயே கதவு மாட்ட முடிஞ்சவங்களுக்கு முந்தின வாரம் மாட்ட முடியாமப் போனதுக்கு என்ன காரணம் சொல்லுவாங்க?

ஆனா ஒண்ணு, சட்டம் உங்க பக்கம் இருந்தாலும், பையனுக்கு அடிபட்டது அந்த பாக்ஸ்லதான், அன்னிக்கு அது திறந்து கிடந்ததுங்கறதை நீங்கதான் காட்டணும், மின்சார விபத்துல ஆதாரம் ஒரே நாள்ல காணாமப் போயிடும், உங்களுக்கே நடந்திருக்கு. அன்னிக்கு யாராவது போட்டோ வீடியோ எடுத்திருந்தா ஒரிஜினல் போன்லயே இருக்கட்டும், வாட்ஸ்அப்ல அனுப்பினதும் அழிச்சிடாதீங்கன்னு சொல்லுங்க, கோர்ட்ல குடுக்கும்போது புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வைக்கணும், அதை நாங்க பாத்துக்குவோம். கூகுள் மேப்ல உங்க தெருவுக்கு ஸ்ட்ரீட் வியூ இருந்தா பாருங்க, படம் எடுத்த மாசமும் வருஷமும் அதுல போட்டிருக்கும், அப்பவே கதவு இல்லாம இருந்தா பெரிய ஆதாரம். டீக்கடை அண்ணன் உங்களுக்கு முக்கியமான சாட்சி, அவர் பேர் அட்ரஸ் எழுதி வச்சுக்கங்க. ஆஸ்பத்திரியில முதல்ல சேர்த்தப்ப ஏ.ஆர். காப்பின்னு (விபத்துப் பதிவேட்டு நகல்) ஒண்ணு போட்டிருப்பாங்க, அதுல மின்சாரம் தாக்கியதுன்னு எழுதியிருக்கான்னு பாத்து நகல் வாங்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லு, விரல் போனதுக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கணும்.

இன்னொரு பேப்பர் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. மின்சாரச் சட்டம் 2003-ல 161-வது பிரிவுன்னு ஒண்ணு, கரண்ட்டால யாருக்காவது உயிர் போனாலோ காயம் ஆனாலோ லைன் வச்சிருக்கறவங்களே மின் ஆய்வாளருக்கு தகவல் குடுத்தாகணும், காயம்னாலும் 48 மணி நேரத்துக்குள்ள எழுத்துல அறிக்கை போகணும். மின் ஆய்வாளர் அரசு நியமிக்கற அதிகாரி, லைன் ஓட்டறவங்களுக்குக் கீழ வேலை பாக்கறவர் இல்ல. உங்க விஷயத்துல அந்த அறிக்கை போயிருக்கான்னே எனக்கு சந்தேகமா இருக்கு. நீங்களே மின் ஆய்வாளர் ஆபீசுக்கு ஒரு மனு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, தேதி, இடம், பாக்ஸ் மேல நம்பர் எழுதியிருந்தா அது, டாக்டர் சர்டிஃபிகேட் நகல், அவ்வளவு போதும். கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த பாக்ஸை கடைசியா எப்ப சோதனை பண்ணீங்க, கதவு இல்லன்னு புகார் வந்ததா, விபத்து அறிக்கை அனுப்புனீங்களான்னு கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் வரணும். பதில் வந்தாலும் ஆதாரம், பதில் சொல்லாம விட்டாலும் நான் கோர்ட்ல அதையும் காட்டுவேன்.

ஸ்டேஷன் விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. உயிரோட இருந்தா கேஸ் இல்லன்னு எந்தச் சட்டத்துலயும் கிடையாது. ஒரு உறுப்பு போறது சட்டத்துல கொடுங்காயம், அலட்சியத்தால கொடுங்காயம் ஏற்படுத்தினா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 125-வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, உயிரே போயிருந்தா 106-வது பிரிவு, 5 வருஷம் வரைக்கும். மறுபடி எழுத்துல புகார் குடுங்க, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கறது) இல்லாம வெளிய வராதீங்க, வாங்க மறுத்தா அதே புகாரை துணை ஆணையருக்கோ எஸ்.பி.க்கோ போஸ்ட்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கிட்ட போகலாம்.

இழப்பீட்டுக்கு எங்க போறதுன்னா மூணு வழி இருக்கு. ஹைகோர்ட்ல ரிட் (அரசு அமைப்புக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேக்கற மனு) போடலாம், ஆனா பையன் ஷாக் அடிச்ச இடம் அதுதானான்னே அவங்க தகராறு பண்ணா, சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம், சிவில் கோர்ட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்க, 2005-ல ஒரிசா கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டே அப்படி சொல்லியிருக்கு. மின் ஆய்வாளர் அறிக்கை கையில இருந்தா ரிட்டுக்கு பலம். சிவில் வழக்குன்னா பையன் மைனர்ங்கறதால நீங்க அவனுக்காக போடணும், கோர்ட் ஃபீஸ் கட்ட வசதி இல்லன்னா வறியவர்னு மனு போடலாம். மூணாவது, உங்களுக்கு நான் முதல்ல சொல்ற வழி, நிரந்தர லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். மின் விநியோகம் பொதுப் பயன்பாட்டு சேவைங்கறதால அங்க போகலாம், 1 கோடி வரைக்கும் கேக்கலாம், ஃபீஸ் கிடையாது, ராஜி ஆகலன்னா அவங்களே தீர்ப்பு சொல்ல முடியும். ஆனா மேல சொன்ன போலீஸ் கேஸை காரணம் காட்டி எதிர்த்தரப்பு தடை சொல்ல வாய்ப்பு இருக்கு, அதனால மனுவை எப்படி எழுதறதுங்கறதை ஒரு வக்கீல் பாக்கணும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் கோர்ட் வளாகத்துலயே இருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க.

மைனருக்கு காலக்கெடு 18 வயசுக்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும், ஆனா அதை நம்பி உக்காராதீங்க, ஒரு வருஷத்துக்குள்ளயே போட்டுடுங்க. எவ்வளவு கேக்கறதுன்னு என்னால இப்ப சொல்ல முடியாது, ஆனா 25,000ங்கறது பேச்சுக்கே இடமில்லாத தொகை. பானிபட்டுல வீட்டு மேல போன லைன் தாக்கி 4 வயசுப் பையனுக்கு ரெண்டு கையும் ஒரு காலும் போன கேஸ்ல 2014-ல சுப்ரீம் கோர்ட் 60 லட்சத்தை உறுதி பண்ணுச்சு. உங்க பையன் காயம் அவ்வளவு இல்ல, அதே தொகை வரும்னு நெனைக்காதீங்க, ஆனா எழுதற கையில 2 விரல் இல்லாம அவன் இன்னும் அம்பது வருஷம் வாழணும், படிப்பு, வேலை, வலி, மறுபடி ஆபரேஷன், எல்லாத்துக்கும் கணக்கு போட்டுத்தான் கேக்கணும்.

இப்ப அந்த 2 பாக்ஸ். எனக்கு இதுதான் ராத்திரி தூக்கம் வராத விஷயம். 2017 நவம்பர் 1, சென்னை கொடுங்கையூர்ல மழைத்தண்ணியில கிடந்த ஒயரை மிதிச்சு 2 சின்னப் பொண்ணுங்க செத்துப் போனாங்க, அதுக்கப்புறம்தான் அதிகாரிங்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட், ஒரு 60 வாட் குண்டு பல்புல ஓடற கரண்ட்டுல பத்துல ஒரு பங்கு நெஞ்சு வழியா போனாலே ஆபத்து, தண்ணியில நிக்கிற சின்னப் பிள்ளைக்கு நேரமே இருக்காது. இன்னிக்கே தள்ளி நின்னு ரெண்டையும் போட்டோ எடுங்க, மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு போன் பண்ணி புகார் நம்பரை நோட்ல எழுதுங்க, அதே போட்டோவை கோட்டாட்சியருக்கு மனுவா குடுங்க, பொது இடத்துல ஆபத்தான பொருளை சரி பண்ணச் சொல்லி உத்தரவு போட பி.என்.எஸ்.எஸ். (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவுல அவருக்கு அதிகாரம் இருக்கு, தெருவுல பத்து பேர் சேர்ந்து கையெழுத்து போட்டா இன்னும் நல்லது. சரி பண்ற வரைக்கும் பிள்ளைங்க அந்தப் பக்கம் போகாம பாத்துக்கங்க, தெருப் பசங்க யாராவது கட்டுக்கம்பி போட்டு நாமளே மூடிடலாம்னு கிளம்பினா தடுத்துடுங்க, அந்தக் கம்பியே ஆளைக் கொன்னுடும்.