எலும்பைக் காட்டவில்லை என்ற வருத்தம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் பிள்ளைகளை மெல்பர்ன் மியூசியத்துக்கு அழைத்துப்போனேன். பூர்வகுடிகள் பகுதியில் வெறும் கூடை, ஈட்டி, போசம் என்ற விலங்கின் தோலில் செய்த போர்வை. முங்கோ மனிதனின் எலும்புக்கூட்டைப் பார்க்க ஆசைப்பட்ட பையன் ஏமாந்துபோனான். அதைத் திரும்பப் புதைத்துவிட்டார்களாம். அறிவியலுக்கு இது இழப்பில்லையா? பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

ஆர்., மெல்பர்ன்

அன்புள்ள ஆர்.,

பையன் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அந்த வயதில் எலும்புக்கூடு யாரைத்தான் இழுக்காது! ‘வெறும் கூடை’ என்றீர்களே, அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் இழப்பு என்று நீங்கள் எழுதியதைத் தாண்டிப்போக முடியவில்லை.

1974-ல் நியூ சவுத் வேல்ஸில், வறண்ட முங்கோ ஏரியின் மணல்மேட்டில் நிலவியலாளர் ஜிம் பௌலர் கண்ணில் பட்டவர் அந்த முங்கோ மனிதர். சுமார் 42,000 ஆண்டுக்கு முந்தையவர். முழங்கையில் மூட்டுவாதம், ஈட்டி எறிந்து எறிந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளை மடிமீது கோத்துவிட்டு, உடம்பில் செங்காவி தூவி அடக்கம் செய்திருந்தார்கள்.

என் அப்பா போனபோது பெரியப்பாதான் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். வேட்டியோரத்தில் கிழித்த துணி. இறுக்கிவிட்டோமோ என்று அவிழ்த்து, தளர்வாக மறுபடி கட்டினார். இனி வலிக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நாளைக்கு அந்தக் கையை ஒருவர் தோண்டியெடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ‘ஆராய்ச்சி’ என்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? முங்கோ பக்கத்துப் பூர்வகுடிகளான முத்தி முத்தி, பாகன்ஜி, நியாம்பா மக்களுக்கு அந்த முங்கோ மனிதர் பாட்டன். அவர்களைக் கேட்காமலே கான்பராவுக்குக் கொண்டுபோய், நாற்பது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். அறிவியலுக்கு அது போதாதா? பௌலரே அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்தவர். 2017 நவம்பரில் அந்தப் பாட்டன் சவ ஊர்தியில் ஊர் திரும்பினார். 2022-ல் மண்ணுக்குள் போனார். புதைப்பதா, அங்கேயே ஓர் இடம் கட்டிக் காப்பதா என்று அந்த மக்களுக்குள்ளேயே தகராறு இருந்தது. இருக்கட்டும். பாட்டன் யாருடையவரோ, பேச்சும் அவர்களுடையது.

பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்றா கேட்டீர்கள்? அந்தக் கோத்த கைகளிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் முங்கோவுக்கே கூட்டிப்போங்கள். மில்டுரா நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். மழை பெய்தால் மண்சாலையை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஊர் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். பையனுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ, அவர்களிடமே கேட்கட்டும்.