முதல் ரேடியோ கிளைடர்: காற்றைப் பார்த்து வாங்குங்கள்

முதன்முறையாக ரேடியோ கிளைடர், அதாவது ரிமோட்டால் இயக்கிக் காற்றில் மிதக்கவிடும் மாடல் விமானம், வாங்க நினைப்பவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். தொண்டி முதல் சாயல்குடி வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இந்த இராமநாதபுரம் கரையில் பல ஆண்டுகள் பறக்கவிட்டு, கடலுக்கு இரண்டும் கருவேல முள்ளுக்குக் கணக்கில்லாமலும் கிளைடர்களைக் கொடுத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: காக்கா (அண்ணா), முதல் கிளைடராக எதை வாங்கலாம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஏறத்தாழ 2 மீட்டர் இறக்கை, மூக்கில் மடங்கும் புரொப்பெல்லருடன் ஒரு மின்மோட்டார், இடம் வலம் திருப்பும் வால் சுக்கானான ரட்டரும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் மட்டும் கொண்ட கட்டுப்பாடு, ஈ.பி.ஓ. எனும் எளிதில் உடையாத ஃபோம் உடல். இந்த நான்கும் பொருந்துவதை வாங்குங்கள் தம்பி. ரேடியன் என்ற பெயரில் நெடுங்காலம் விற்பனையான 2 மீட்டர் மாடல் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதையேதான் வாங்க வேண்டும் என்பதில்லை. அந்த அமைப்பில் உள்ள எதுவும் சரியே.

இவ்வகைக் கிளைடரின் இறக்கையை எதிரில் நின்று பார்த்தால் அது நேர்க்கோடாக இல்லாமல் இரு நுனிகளும் மேல்நோக்கி வளைந்திருப்பதைக் காணலாம். ரட்டரைத் திருப்பும்போது மூக்கு ஒரு பக்கம் நகர, எதிர்ப்பக்க இறக்கை அதிகக் கோணத்தில் காற்றைச் சந்தித்து மேலெழும்புவதால், விமானம் தானாகவே சாய்ந்து வளைகிறது. கையை எடுத்துவிட்டால் மெல்ல நிமிர்ந்துகொள்ளவும் செய்கிறது. கற்றுக்கொள்பவரின் விரல்கள் தவறு செய்யும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் விமானமே தன்னைக் காத்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

ஏர்வாடி, கடை வைத்திருப்பவர்: உண்மையான கிளைடரைப் போலவே நீண்டு மெலிந்த வெள்ளை இறக்கையுடன் வரும் மாடல்கள் கண்ணைப் பறிக்கின்றன. விமானத்தைச் சாய்க்க இறக்கையில் எய்லிரான் மடிப்பும் இருக்கிறது. அதையே முதலில் வாங்கினால் என்ன?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பால்சா மரத்தில் செய்த, மெலிந்த இறக்கையுடைய ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினேன். அது வேகமாகப் பறக்கும். வேகம் குறைந்தால் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரு இறக்கை சட்டென்று விழும். மூன்றாவது முறை பறக்கவிட்டபோது தரைக்கு நாலாள் உயரத்தில் அப்படி விழுந்தது. விலாக்கட்டைகளைப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மெலிந்த இறக்கைக்கும் எய்லிரானுக்கும் எதிரி அல்லன் நான். அவை இரண்டாவது விமானத்துக்கு உரியவை. முதல் ஃபோம் கிளைடரை இருபது முப்பது முறை நினைத்த இடத்தில் இறக்கிய பிறகு, அந்த வெள்ளை இறக்கையை வாங்குங்கள். நானும் வந்து பார்க்கிறேன்.

பாம்பன், மீன்பிடித் தொழில் செய்யும் இளைஞர்: அண்ணா, எங்கள் ஊரில் காற்று நிற்பதே இல்லை. இலேசான கிளைடர் நல்லதா, கனமானது நல்லதா?

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் அறிவுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணமும் இதுவே.

மேலே சொன்ன 2 மீட்டர் ஃபோம் கிளைடர் ஏறத்தாழ 900 கிராம் இருக்கும். அதன் இறக்கைப் பரப்பு 36 சதுர டெசிமீட்டர் என்றால், ஒரு சதுர டெசிமீட்டர் 25 கிராமைச் சுமக்கிறது. இந்தச் சுமை குறையக் குறைய விமானம் மெதுவாகப் பறக்கும். கற்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் மெதுவாகப் பறப்பது காற்றை எதிர்த்து முன்னேறாது. அத்தகைய கிளைடர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 12 மீட்டர் முன்னே செல்வதாக வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரத்தில் மோட்டாரை நிறுத்தினால் 150 விநாடிகள் வானில் இருக்கும். விநாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர் காற்று அடிக்கும் நாளில், காற்றோடு போனால் அந்த நேரத்தில் 1,800 மீட்டர் போய்விடும். காற்றை எதிர்த்து வந்தால் 600 மீட்டர்தான் வரும். வாடைக்கு எதிராக வள்ளம் வலித்தவருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. எனவே கிளைடர் எப்போதும் உங்களுக்குக் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் தலையைத் தாண்டிக் காற்றுப் போகும் பக்கத்துக்கு அதை விடாதீர்கள். கடலுக்குக் கொடுத்த என் இரண்டும் இந்தக் கணக்கைப் போடாததால் போனவை.

காற்று மணிக்கு 29 கிலோமீட்டரைத் தொட்டால் இந்தக் கிளைடர் நின்ற இடத்திலேயே மிதக்கும். அதற்கும் மேலே போனால் பின்னோக்கி நகரும். அதற்காகக் கனமான கிளைடரை முதலில் வாங்க வேண்டாம். அது வேகமாக இறங்கும், விழுந்தால் அதிகம் உடையும். விமானத்தை மாற்றுவதை விட நேரத்தை மாற்றுவது எளிது. கச்சான் எனும் மேல்காற்றும் சோழகம் எனும் தென்காற்றும் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களில் விடியற்காலை ஒரு மணி நேரம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வாடை ஓய்ந்து சோழகம் தொடங்குவதற்கு முந்தைய மாசி, பங்குனி மாதங்கள்தான் கற்றுக்கொள்ளப் பொருத்தமானவை. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் முதல் பத்து முறைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மண்டபம், அரசு ஊழியர்: தனுஷ்கோடி மணல்வெளி பறக்கவிட ஏற்றது என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

வேண்டாம். ஒரு பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் பெண்கடல் (பாக் நீரிணை), நடுவில் ஒடுங்கிய நிலம், அதன் மீது நாள் முழுவதும் சுற்றுலா வண்டிகள். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் விமானம் தண்ணீருக்குத்தான் போகும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த டிரோன் விதிகள் மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை அவ்விதிகளில் மைக்ரோ வகையைச் சேர்ந்தவை. வணிக நோக்கமின்றிப் பறக்கவிடுபவருக்கு விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் அரசு வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் குறித்த பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றி எதையும் பறக்கவிடக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. எதிரே இலங்கைக் கடல் எல்லை. எனவே டிரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தையும், மாடலைப் பதிவு செய்வது பற்றிய விதியையும் முதலில் பார்த்துவிட்டு, பச்சை மண்டலமாகவே இருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நம் கரையில் நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

நம் மாவட்டத்தில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு அவற்றின் உட்பகுதி மேடு பள்ளமற்ற பொட்டலாகக் கிடக்கிறது; காற்று தணியும் மாசி, பங்குனியில்தான் பலவும் வற்றவும் செய்கின்றன. கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, கருவேலமும் உடைமரமும் அடராத ஒரு கண்மாயைத் தேடுங்கள். ஆட்டுக்கிடை போட்டிருந்தால் ஆடு மேய்க்கும் கீதாரியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தொண்டி, துபாயில் வேலை செய்பவர்: விடுமுறையில் வரும்போது கிளைடருக்கான பேட்டரியைக் கொண்டு வரலாமா? எந்த ரிமோட் வாங்குவது?

தனியாகக் கொண்டு வரும் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. வாட்-மணி என்பது பேட்டரி தேக்கும் மின்னாற்றலின் அளவு; 100 வாட்-மணிக்குக் குறைந்தவற்றுக்கு விமான நிறுவனத்தின் தனி ஒப்புதல் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இந்தக் கிளைடர்களுக்குப் போடும் மூன்று செல், 1300 மில்லியாம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஏறத்தாழ 14 வாட்-மணிதான். முனைகளை டேப் ஒட்டி மூடி, ஒவ்வொன்றையும் தனி உறையில் வையுங்கள்.

ஊருக்கு வந்ததும் பங்குனி வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், பறக்கவிடாத வாரங்களில் 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் பேட்டரி நீடித்து உழைக்கும்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆக இருக்கட்டும். தனித்தனியாக இயக்கும் வழிகளான சானல்கள் ஆறாவது இருந்தால் அடுத்த விமானத்துக்கும் உதவும். மோட்டார் வேகம் இடக்கையில் இருப்பது மோட் 2, வலக்கையில் இருப்பது மோட் 1. உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வாங்குங்கள். இந்த ஒன்றை மறந்து வாங்கிய பிறகு வருந்தியவர்கள் பலர்.

இராமநாதபுரம், ஒரு தாய்: பதினோரு வயது மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் கையால் எறியும் ஃபோம் கிளைடர் ஒன்றை வாங்கிக் கொடுங்கள் அம்மா. மூக்கில் ஒரு சிறு களிமண் உருண்டையைக் கூட்டியும் குறைத்தும் அது எப்படிப் பறக்கிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பிறகு கணினியில் பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரில் ஒரு மாதம் பழகட்டும். அதன் பின்னும் கேட்டால், பெரியவர் ஒருவர் உடன் நிற்க வாங்கிக் கொடுக்கலாம். சுழலும் புரொப்பெல்லர் விரலை வெட்டிவிடும் என்பதால் பேட்டரியை இணைப்பதும் கழற்றுவதும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும்.

தேவிபட்டினம், ஓய்வு பெற்றவர்: கிளைடருக்கு மோட்டார் எதற்கு? அது இல்லாததுதானே கிளைடர்?

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் நம் கரையில் காற்று மோதி மேலெழும்பக் குன்று இல்லை. மோட்டார் இல்லையென்றால் 30 மீட்டர் ரப்பர் குழாயும் 100 மீட்டருக்கு மேல் நூலும் கட்டி இழுத்துவிட வேண்டும். அல்லது இறக்கை நுனியைப் பிடித்துச் சுழன்று எறியும் 1.5 மீட்டர் கிளைடர் வாங்க வேண்டும். பின்னது விலையும் அதிகம், கையும் பழகியிருக்க வேண்டும். மோட்டாரை ஏறுவதற்கு அரை நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டால் மிச்சமெல்லாம் தூய கிளைடர்தான். இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் மறுபடி ஏறவும் அதுவே கைகொடுக்கும்.

சாயல்குடி, ஆசிரியர்: கிளைடரை மேலே தூக்கும் வெப்பக்காற்று கடற்கரையில் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

கடலை ஒட்டிப் பெரும்பாலும் உண்மைதான். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று தரையோடு பரவும்போது கீழே குளிர்ச்சியும் மேலே வெம்மையுமாக அடுக்கு நிலைத்துவிடுவதால், சூடான காற்று குமிழியாகக் கிளம்ப வாய்ப்பில்லாமல் போகிறது. உள்ளே போகப் போக நிலைமை மாறும். காலை ஒன்பதரைக்கு மேல், கடற்காற்று இன்னும் எட்டாத கண்மாய்ப் பொட்டலில் தரை சூடேறி ஏற்றக் காற்று தொடங்கும். செம்பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு உயர்ந்தால் அங்கே போங்கள். கிளைடரின் வால் காரணமின்றி உயர்ந்தாலோ ஒரு இறக்கை தானாகத் தூக்கிக்கொண்டாலோ, தூக்கிய பக்கம் திரும்புங்கள். கடற்காற்று வந்து சேர்ந்ததும் பிடரியில் குளிர்ச்சி தெரியும். அன்றைய ஏற்றம் அத்துடன் முடிந்தது.

ஏர்வாடி, மீண்டும் கடை நண்பர்: முதல் நாள் எதைச் சரிபார்க்க வேண்டும்?

எடை நடுவத்தை. கையேட்டில் சொன்ன இடத்தில், அது கிடைக்காவிட்டால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்தாமல் எறியவே கூடாது. பிறகு ரிமோட்டின் ரட்டரை வலப்பக்கம் தள்ளினால் சுக்கானும் வலப்பக்கம் போகிறதா என்று விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தோன்றும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிரும்.

பாம்பன் இளைஞர்: எவ்வளவு சொன்னாலும் ஒரு நாள் கடலில் விழத்தான் போகிறது. எடுத்த பிறகு என்ன செய்வது?

எடுத்தவுடன் பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புநீர் புகுந்த லிப்போவை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டாம். மோட்டார், சுக்கானை அசைக்கும் சர்வோ, ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவர் ஆகியவற்றைக் காயவிடுவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். உப்போடு காய்ந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். அலசிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி வடித்து, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். மோட்டாரின் காந்தத்தில் கருமணல் ஒட்டியிருக்கும்; ஊதினால் போகாது, டேப்பின் பசைப்பக்கத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். ஃபோம் உடலுக்கு ஒன்றும் ஆகாது. அலசிய சர்வோ ஓடினாலும் அதைப் பழைய இடத்தில் போடாமல் புதியது ஒன்றை மாட்டிவிடுங்கள்.