பொறியில் விழுந்தது படைப்புழுவின் அந்துதானா?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் மக்காச்சோளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. படைப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறேன். அதில் இரண்டு விதமான அந்துப்பூச்சிகள் விழுகின்றன. ஒன்றுக்கு இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு. இன்னொன்று வைக்கோல் நிறம். ராத்திரி வீட்டு விளக்குக்கு வருவது வெறும் சாம்பல் பழுப்பு. இதில் எது படைப்புழு? இப்போதே மருந்து அடித்துவிடலாமா ஐயா?

பதில்: மருந்தை எடுக்குமுன் பூச்சியைப் பார்க்க நினைத்தீர்களே, அதுதான் சரி.

வெள்ளைத் திட்டு உள்ளது அமெரிக்கப் படைப்புழுவின் ஆண் அந்து. 2018-இல் கர்நாடகத்தில் தெரிய வந்து, 2019-க்குள் பர்மா மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்த அதே பூச்சிதான். பொறியில் அன்றன்று விழுந்ததை எடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் கிடந்தால் செதில் உதிர்ந்து எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். வெள்ளைத் தாளில் வைத்து, குண்டூசியால் முன் இறக்கையை மெதுவாக விலக்குங்கள். விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலம் வரும். முன் இறக்கையின் நுனியில் முக்கோண வெள்ளை, நடுவில் சாய்ந்த முட்டை வடிவ வெளிர் புள்ளி. பின் இறக்கை வெள்ளி போலப் பளபளக்கும், ஓரத்தில் மட்டும் மெல்லிய கருங்கோடு.

காய்ப்புழுவின் அந்து என்றால் பின் இறக்கையின் ஓரம் அகலமாகக் கருத்திருக்கும். புரோடினியா என்கிற புகையிலைப் புழுவின் அந்துக்குப் பின் இறக்கை வெள்ளைதான், ஆனால் அதன் முன் இறக்கையில் வெளிர் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்.

வைக்கோல் நிறத்தில் விழுவது பெரும்பாலும் புல்லிலும் தானியப் பயிரிலும் வாழும் வேறொரு படைப்புழு இனம். பெண் அந்து போல மணக்கும் இந்தப் பொறியின் மருந்து வாசனைக்கு அதுவும் வரும். அந்தக் கூட்டத்தில் சிலவற்றுக்குப் பின் இறக்கையும் வெளுப்பாக இருப்பதால் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். முன் இறக்கையின் நடுவில் கடுகை விடச் சின்னதாக ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு இருந்து, நுனியில் வெள்ளைத் திட்டு இல்லையென்றால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விளக்குக்கு வந்ததை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. படைப்புழுவின் பெண் அந்துக்கு அந்த வெள்ளைத் திட்டு கிடையாது, சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம்தான். அது பொறிக்கும் வராது, ஆண் மட்டுமே வரும். ஆனால் விளக்குக்கு வரும் மங்கலான அந்துக்கள் எத்தனையோ இனம். பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு, அது என்ன விட்டுப் போயிருக்கிறது என்று வயலில் பாருங்கள்.

இலையில் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்திய முட்டைக் குவியல் இருக்கிறதா? ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். கண்டதும் விரலால் நசுக்கிவிடுங்கள், அதைவிட மலிவான மருந்து இல்லை. அப்புறம் குருத்தை விரித்துப் புழுவைத் தேடுங்கள். ஓரளவு வளர்ந்த புழுவென்றால் தலையில் தலைகீழ் ஒய் எழுத்துப் போல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பொறியில் அந்து விழுந்தது என்பதற்காக மட்டும் அடிக்காதீர்கள். வயலில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாகப் பாருங்கள். இலையில் பச்சையம் சுரண்டிய வெள்ளைச் சன்னல்களும், குருத்தில் ஈரமான எச்சமும் நூற்றில் ஐந்து செடிக்கு மேல் தெரிந்தால், 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றில் தொடங்குங்கள். பத்தை நெருங்கினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி என்கிற, நீரில் கரையும் குருணை மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம். சாயங்காலத்தில், தெளிப்பான் முனையைக் குருத்துக்குள் காட்டி அடியுங்கள். இலை மேல் அடித்தால் குருத்துக்குள் இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது.