வாரிய வீட்டை இடித்துக் கட்டும்போது இடம் கைநழுவாமல் இருக்க

கேள்வி: சென்னையில் 1970களில் குடிசை மாற்று வாரியம் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். ஒதுக்கீடு என் மாமனார் பெயரில், அவர் இறந்துவிட்டார். நாங்களும் கொழுந்தனார் குடும்பமும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதால் காலி செய்யச் சொல்கிறார்கள். அதே இடத்தில் வீடு கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: காலி செய்யும் தேதியை விட, அதற்கு முன் நடக்கும் கணக்கெடுப்பில்தான் உங்கள் வீடு முடிவாகிறது. அந்தப் பட்டியலில் பெயர் விடுபட்டால், கட்டடம் இடிந்த பிறகு இங்கேதான் இருந்தோம் என்று காட்டக் கதவுகூட மிஞ்சாது.

வாரியப் பதிவேட்டில் இன்னும் மாமனார் பெயர்தான் இருக்கும். இறப்புச் சான்றிதழோடு, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். யார் பெயருக்கு மாற்றுவது என்று குடும்பத்துக்குள் இப்போதே பேசி, மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். சண்டை என்று தெரிந்தால் கோப்பு நகராது. இவற்றோடு பழைய ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீதுகள், மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை நகல்களை இணைத்து வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் பெயர் மாற்ற மனு கொடுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் விழாமல் வெளியே வராதீர்கள்.

கொழுந்தனார் விஷயம் கடினம். பெரும்பாலும் ஒரு கதவெண்ணுக்கு ஒரு வீடு என்றுதான் கணக்கிடுவார்கள். அவருக்குத் தனிக் குடும்ப அட்டை இருந்தால் கேட்க வழி உண்டு, உறுதி கிடையாது. அறிவிப்பு வந்தபின் பிரித்த அட்டையைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, சொந்த வீடும் இல்லையென்றால், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் அவர் தனியே விண்ணப்பிக்கலாம். விரும்பும் பகுதியை மனுவில் எழுதட்டும். இல்லாவிட்டால் பெரும்பாக்கம் போல வேலையிடத்திலிருந்து வெகுதூரத்தில் கிடைக்கலாம்.

அக்கம்பக்கத்தில் யாராவது பவர் பத்திரம் எழுதி வாங்கிக் குடியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒதுக்கீடு பெற்றவர் திரும்பி வந்து பெயர் கொடுத்தால் இவர்கள் நிலை சிக்கல்தான்.

காலி செய்யும் முன் கையில் எழுத்தாக இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், பழைய பிளாக், கதவு எண், அதே இடத்தில் மறு ஒதுக்கீடு என்ற வாசகம், புது வீட்டின் சதுர அடி, முடியும் காலம், பயனாளி கட்ட வேண்டிய பங்குத்தொகை. கடைசியைத்தான் பலர் கேட்பதில்லை. கட்டி முடித்தபின் லட்சக்கணக்கில் கேட்டால், பட்டியலில் பெயர் இருந்தும் சாவி வாங்க முடியாமல் போகும். தொகை எவ்வளவு, தவணை உண்டா, வங்கிக் கடன் ஏற்பாடு யார் பொறுப்பு என்று இப்போதே கேளுங்கள்.

வெளியே தங்கும் செலவையும் கணக்குப் போடுங்கள். பல திட்டப்பகுதிகளில் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை தந்திருக்கிறார்கள். கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் என்று வைத்துப் பிரித்தால் மாதம் 1,333 ரூபாய். வாடகை, அட்வான்ஸுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே தனித்தனியாகப் போகாமல் பிளாக் முழுவதும் சேர்ந்து, சாவி தரும் வரை மாத வாடகை கேட்டு மனு கொடுங்கள். காலதாமதம் வாரியத்துக்கும் செலவு என்றால்தான் வேலை வேகம் பிடிக்கும்.

ரேஷனுக்காகக் குடும்ப அட்டை முகவரியை மாற்ற வேண்டாம். கைரேகை வைத்து வேறு கடையிலும் வாங்கலாம்.

காலி செய்யவே மாட்டோம் என்று நிற்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய வாரியக் கட்டடம் ஒன்று இடிந்தே விழுந்தது. ஆனால் கட்டடத்தின் உறுதித்தன்மை அறிக்கை, அரசாணை, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அன்றே எழுத்தில் ஆட்சேபணை கொடுத்துவிட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, எனவே அங்கே கொடுக்கும் மனு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உயர் நீதிமன்றம் போவதானால் இடிப்பதற்கு முன் போக வேண்டும்.