ஐந்து குடும்பம் சேர்ந்து வாழ, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டினால் சரிவருமா?

கேள்வி கேட்டவரும் அவருடைய நண்பர்களுமாக ஐந்து குடும்பங்கள் காரைக்குடிப் பக்கம் மனை பார்த்திருக்கிறார்களாம். நடுவில் முற்றம், மழைநீர், மரம் செடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமையலறை என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

முற்றம் சரி. அந்த ஒரே சமையலறையைத்தான் முதலில் வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்வேன்.

செட்டிநாட்டு வீடு என்றால் ஒரே உலை, ஒரே பந்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வழக்கம் அப்படி இல்லை. மகனுக்குக் கலியாணம் ஆகிக் கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்து' விடுவார்கள். சட்டி பானை, அரிசி பருப்பு கொடுத்து, பின்கட்டில் தனி அடுப்பு. அதோடு வரவு செலவும் தனி. கோயில் கணக்கிலும் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்; புள்ளி வரியைத் தானே கட்ட வேண்டும். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும். சீர் சாமான் உள்ளே, சாவி அவரவர் இடுப்பில். முகப்பு, வளவு, கிணறு இவை மட்டும் பொது.

எங்கள் வீட்டில் அப்பத்தா தன் உலையைத் தானே வைப்பார். பக்கத்து அடுப்பில் ஆத்தா, அதற்கடுத்து சின்னாத்தா. குழம்புக் கிண்ணம் இங்கும் அங்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் "எதுக்கு இம்புட்டு எண்ணெய்?" என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்கில் 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், ஒரே வீட்டில் பல பெண்கள் முகம் முறியாமல் இருந்ததற்கு இந்தத் தனி அடுப்பு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

டென்மார்க்கில் சேட்டடாமென் என்ற இடத்தில் 1972இல் 27 குடும்பங்கள் சேர்ந்து இதே போல ஒன்று செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் சமையலறையோடு தனி வீடு. கூடிச் சாப்பிடவும் பேசவும் பொது வீடு ஒன்று. கூட்டுக் குடியிருப்பு என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு அது ஒரு தொடக்கம். நம் ஊரில் அதை 'வேறு வைக்கிறது' என்று சொல்லி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

பழைய வீட்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். முகப்பும் பட்டாலை என்ற முன்கூடமும் ஆண்கள் இடம், அடுப்படி கடைசிக் கட்டில். வீட்டின் காற்றும் வெளிச்சமும் முன்னால், புகை முழுக்கப் பெண்களுக்கு. நீங்கள் ஐந்து சமையலறைகளையும் ஒரே முற்றத்தைப் பார்த்து வையுங்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில்தான் பேச்சு நடக்கும். அலங்காரத் திண்ணை போட்டு அங்கே பழகச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

முற்றத்துக்கு மேலே எதையும் போட்டு மூடாதீர்கள். குரங்குக்கும் கொசுவுக்கும் பயந்து இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் தகடு போட்டுவிட்டார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியே போவதற்கும், தெருவாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே கோட்டில் வைத்த கதவுகள் வழியாகக் காற்று ஓடுவதற்கும்தான் அந்தத் திறப்பு. அதை அடைத்தால் சித்திரை மாதத்தில் உள்ளே இட்லி அவிக்கலாம். கம்பி வலை போதும்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழைதான் எல்லாம். நாலு பக்க ஓட்டுச் சரிவும் உள்நோக்கி வளவுக்குள் கொட்டும். தகர வாரி வழியாக வருவதை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் வளவின் வடிகால் வழியாக வெளியேறி, தெரு வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். அதாவது வீட்டுக் கூரையும் ஊருணியும் ஒரே ஏற்பாடு. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதும், தனித்தனி மாளிகைகளாகச் சேர்க்காமல் ஊர்த் தொகுதிகளாகத்தான் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் மனைக்குள் மழைநீர்த் தொட்டி கட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். மனைக்கு வெளியே வாய்க்கால் எங்கே போகிறது, யார் மண் போட்டு மேடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்களோடு சேர்ந்து அந்த வாய்க்காலைத் தூர்வாருவதைவிட, புதிதாகக் குடி வருபவர்களுக்கு ஊரோடு ஒட்ட நல்ல வழி இல்லை.

பொருட்கள் விஷயத்தில் பழைய செட்டிநாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தவை. அது பணக்காரர் வீடு, அதைச் சூழலுக்கு உகந்தது என்று சொல்வது கொஞ்சம் அதிகம். இடித்த வீட்டுத் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்கி நடலாமா என்றால், எனக்குப் பிடிக்காது. தூணுக்கு விலை கிடைக்கக் கிடைக்க இன்னொரு வீடு இடிபடும்.

இந்த மண்ணிலேயே கிடைப்பது செம்புராங்கல் என்ற சிவப்புப் பாறைக்கல், செங்கல், சுண்ணாம்பு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு மாவு போல அரைத்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் தலைமுறை தாண்டியும் பளபளக்கிறது. சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பிறகு வெளியே விடும், வெயிலில் உள்ளே வெக்கை தெரியாது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டுக்கே போகிறது. சுண்ணாம்பைச் சுடும்போதும் புகை உண்டு, ஆனால் பூசிய சுவர் இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கூலி கூடுதல், வேலை மெதுவாகத்தான் நடக்கும். பங்குனி சித்திரையில் பூச வேண்டாம், சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தரைக்கு ஆத்தங்குடிக் கல் நல்லது. அதிலும் சிமெண்ட் உண்டு, ஆனால் சூளை கிடையாது. கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பதுதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது பத்திரம். இங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது ஒரு காரணம். இன்னொன்று, அறைகளைப் பிரித்த அளவுக்குத் தெளிவாக வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிரிக்கவில்லை. பங்காளிகள் பெருகி, ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். உடைந்த ஓட்டை மாற்ற யார் பணம் போடுவது? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கலியாணத்துக்கும் கூடுவார்கள், அடுத்த வாரம் பூட்டு. எங்கள் வீட்டிலும் பின்கட்டுக் கூரை அப்படித்தான் இறங்கியது.

அதனால் கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். அவரவர் பகுதி அவரவர் பெயரில், முற்றமும் கிணறும் வாசலும் ஐவரும் சேர்ந்த ஒரு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். யாராவது விற்றால் முதலில் மற்ற நால்வரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். கூரைக்கென்று மாதம் ஒரு தொகை, ஊரில் இல்லாதவருக்கும் அதே தொகை. அந்தக் கடைசி வரியில் யாராவது முகம் சுளித்தால், மனைக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள்.